ஏரியின் அமைதி

ஏரிக்கரையில் ஒரு மைக்கை நட்டுவைத்துவிட்டு, அதைக் கொண்டுவந்தவர் தூரத்து மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நகரத்தில் ஒரு கூடத்தில் இந்த ஏரியின் சத்தத்தை ஒலிக்கவிடப் போகிறார்களாம். ஜனங்கள் கண்ணை மூடி உட்கார்ந்து, காதாலேயே ஏரியைப் பார்ப்பார்களாம். ஆள்காட்டிக் குருவியிடம் மைக்தான் இதைச் சொன்னது.

"அப்போ என் குரலும் அங்கே கேட்குமா?" என்று குருவி ஆசையாகக் கேட்டது.

"அதைத்தான் சொல்ல வந்தேன். நாய் வந்தாலும் கத்துகிறாய், நரி வந்தாலும் கத்துகிறாய். காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூடச் சுத்தமாகக் கிடைக்கவில்லை. ஏரியின் அமைதியைக் கெடுப்பதே நீதான்."

குருவிக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளும் தான் ஏரிக்குக் காவல் இருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தது! இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தது.

பக்கத்துச் சேற்றில் ஒரு தவளை கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தது. ஆபத்து வந்தால் குருவி கத்தும் என்ற தைரியம் அதற்கு.

கோரைப்புல் அசைந்தது. பாம்பு! குருவிக்குத் தொண்டைவரை கத்தல் வந்துவிட்டது. மைக்கை ஒருமுறை பார்த்தது. கத்தலை அப்படியே விழுங்கிக்கொண்டது.

'களக்'கென்று ஒரு சத்தம். பாட்டு நின்றுபோனது. பாம்பின் வாயில் தவளையின் கால் மட்டும் தெரிந்தது.

"அடடா, என்ன அழகான சத்தம்! அதற்குப் பிறகு எப்பேர்ப்பட்ட நிசப்தம்!" என்று மைக் உருகியது. "அந்தத் தவளையை இன்னொரு தரம் அப்படிச் செய்யச் சொல்லேன்."

குருவி தொண்டை கிழியக் கத்தத் தொடங்கியது.

"போச்சு," என்றது மைக். "எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய்."