பெல்ட்டா, ரேக்கா?

"பெல்ட்டா, ரேக்கா? இன்னிக்காவது ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் மனைவி.

வெல்டர் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கூரைக்கு மேலே வீட்டுக்கார அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ் அவர். பகலில்தான் தூக்கம். அவர் தலைக்கு நேர் கீழே, தரைத்தளத்து அறையில்தான் இவர்களுடைய பட்டறை. நல்ல பொருத்தம்தான்.

இரும்புத் தகட்டைத் தானாக வெட்டும் பிளாஸ்மா டேபிள் ஒன்றை வெல்டர் சொந்தமாகச் செய்யக் கிளம்பியிருந்தான். மனைவி கம்ப்யூட்டரில் வாசல் கேட்டுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தால் போதும், தீ கக்கும் டார்ச் அதன்படி ஓடி வெட்டிவிடும். அந்த டார்ச்சைத் தண்டவாளம் மாதிரி எந்த ரெயில் மேல் ஓட விடுவது, ரப்பர் பெல்ட்டை வைத்து இழுப்பதா, பல் வெட்டிய இரும்புப் பட்டையான ரேக்கை வைத்தா என்பதில்தான் இத்தனை இழுபறி.

"பெல்ட்டே போட்டுடலாம். சத்தம் வராது."

"எட்டடிக்கு பெல்ட் போட்டா நாளாவட்டத்துல தொய்ஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் பூ போட்டுக் குடுப்பேன், அது பூசணிக்காயா வந்து நிக்கும்."

"ரேக்னா பல்லு மேல பல்லு ஓடும். கரகரன்னு கேக்கும். அதுக்கு நல்ல ரெயில் வேணும், ஃபிரேம் துளி ஆடக் கூடாது, மொத்தமா வெல்ட் அடிக்கணும். வெல்ட் அடிச்சுட்டா அப்புறம் கழட்ட முடியாது."

"எதுக்குக் கழட்டணும்?"

"காலி பண்ணச் சொல்லிட்டா?"

இதற்கு முன் இருந்த இடத்தில் சத்தம் என்று சொல்லித்தான் துரத்தினார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் பாதி வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போனார்கள். இன்னொரு தரம் அப்படி நடந்தால் தொழிலையே மூட வேண்டியதுதான். இங்கே அக்ரிமென்ட் இந்த மாதத்தோடு முடிகிறது.

"அக்கா நேத்து படியில நின்னு, ஒரு நாள் சாவகாசமா பேசணும்மான்னாங்க" என்றாள் மெதுவாக. "அதோட விட்டாங்களா? 'என்ன, ரெண்டு நாளா உங்க சத்தத்தையே காணோம்'னாங்க."

"சும்மா கேட்டிருப்பாங்க."

"சும்மாவா? சுத்தமான குத்தல் பேச்சு. உங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது."

குத்தல் பேச்சை மோப்பம் பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. மூன்று நாத்தனார்களோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள். அவள் சொன்னால் மறுபேச்சு ஏது?

"அப்ப பெல்ட்தான்" என்றான் அரை மனசாக. "ஃபிரேமும் போல்ட் போட்டு மாட்டிக்கலாம். போன்னு சொன்னா கழட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காதான். தூக்கம் கெட்ட கண்கள் சிவந்திருந்தன. கையில் அளவு டேப். வாசல் நிலையின் அகலத்தை அளந்தார். தரையில் சாக்பீஸால் குறித்திருந்த டேபிளின் அளவையும் பார்த்தார்.

"தம்பி, நீங்க செய்யப் போற டேபிள் இந்த வாசல் வழியா வெளிய போகுமா?"

மனைவி வெல்டரை ஒரு பார்வை பார்த்தாள். 'நான் சொல்லல?' என்ற பார்வை.

"தாராளமா போகும்க்கா. எல்லாமே போல்ட்தான். நீங்க சொன்ன அன்னிக்கே கழட்டி வண்டியில ஏத்திடுவோம். பெல்ட்தான் போடறோம், சத்தமும் வராது."

அக்காவின் முகம் தொங்கிப் போனது. "ஓ, எல்லாம் யோசிச்சுதான் வெச்சிருக்கீங்க" என்று ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "வேற எங்க இடம் பாத்திருக்கீங்க?"

"நாங்க எங்கக்கா பாத்தோம்?" என்றாள் மனைவி. "நீங்கதான் பேசணும்னீங்க. காலி பண்ணச் சொல்லத்தானே?"

"நானா? அக்ரிமென்ட் முடியுதே, புதுசா போட்டுக்கலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன். உங்களை யாரும்மா போகச் சொன்னது?"

அப்பாடா என்றிருந்தது வெல்டருக்கு. இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. மனைவி தகட்டுக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உடனே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. குத்தல் பேச்சு நிபுணி கணவன் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"அப்ப ரேக்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ரேக்தான். நல்ல ரெயிலா வாங்கி, ஃபிரேமை வெல்ட் அடிச்சுடறேன்" என்றவன், சட்டென்று தயங்கினான். "ஆனா பகல் பூரா கரகரன்னு கேக்கும்க்கா."

"கேக்கட்டுமே."

"அப்புறம் எதுக்குக்கா வாசலை அளந்தீங்க?"

அக்கா சங்கடமாகச் சிரித்தார். டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள், நான் அசந்து தூங்கறப்ப எவனோ பூட்டை உடைச்சு வீட்டுக்குள்ள வந்துட்டான் தம்பி, அதுலேருந்து கீழ உங்க சத்தம் கேட்டாதான் பயமில்லாம கண்ணை மூடறேன். அதான், டேபிளை இந்த வாசல்ல வெளிய எடுக்கவே முடியாத அளவுக்குப் பெருசா செய்யச் சொல்லலாமேன்னு அளந்து பாத்தேன்."