வீடு காலி

என் மனைவி பங்கஜவல்லி மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. இருபது வருஷம் ஆனதுபோல் போனில் புலம்பினேன். "நீ இல்லாம வீடே காலி, வல்லி."

"வேலைலேருந்து ரிடையர் ஆனீங்க, புளுகுலேருந்து ஆகலையே," என்று சிரித்தாள்.

சுவரில் நகராட்சி மாட்டியிருந்த கருவி உடனே பேசியது. "வீடு காலி என்று உரிமையாளர் சொன்னது பதிவானது. இந்த இடத்தில் கட்ட ஒரு பில்டர் விண்ணப்பித்திருந்த பதினாறு மாடிக் கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. இடிப்பு தொடங்குகிறது."

ஏழு தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். "ஐயா, நான் உள்ளதான் இருக்கேன். எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"காலி வீட்டிலிருந்து வரும் ஆட்சேபணை ஏற்கப்படாது."

"என்னங்க சத்தம்?" என்றாள் வல்லி.

"சமையலறைச் சுவர் விழுந்துடுச்சு. அடுத்தது இந்தச் சுவர்தான்."

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.