செவ்வாய்க்கிழமை சைக்கிள்

“சக்கர நாற்காலி நகராட்சி குடுத்தது. சைக்கிள் உங்களோடது. ரெண்டுலயும் ஒரே ஆள் எப்படி மேடம் உட்கார முடியும்?”

இந்தக் கேள்வியை லாம்பெர்ட் வரும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தான். நகராட்சியின் முறைகேடு விசாரணைப் பிரிவில் அவன் முதன்மை அதிகாரி. அந்தப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர்தான். அது அடையாள அட்டையில் போட்டிருக்கவில்லை.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஹென்னி அம்மாள் காப்பியை அவன் பக்கம் நகர்த்தினார். கை நடுங்கியதில் கால்வாசி சாஸருக்குப் போயிற்று. பிஸ்கட் டப்பாவை நீட்டினார். லாம்பெர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டான். ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவுக்கு மூடி. ராஜாவே வந்தாலும் ஹாலந்தில் இதுதான் சட்டம். ஆனால் ஹென்னி அம்மாள் டப்பாவைத் திறந்தே வைத்தார்.

‘லஞ்சம்’ என்று லாம்பெர்ட் மனத்துக்குள் குறித்துக்கொண்டான்.

“போன வெள்ளிக்கிழமை ஒரு மொட்டைக் கடிதாசி வந்துது மேடம். செவ்வாய்க்கிழமை தவறாம காலைல பத்து மணிக்குக் கால்வாய்க் கரையில சைக்கிள் ஓட்டுறீங்கன்னு. நேத்து நானே போய்ப் பார்த்தேன்.”

படத்தை மேசையில் வைத்தான். மரத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்து எடுத்தது.

“நல்லா விழுந்திருக்கேனே! எனக்கு ஒண்ணு தர்றியா தம்பி?”

“இது சிரிக்கிற விஷயம் இல்ல.”

“நான் எங்கப்பா சிரிச்சேன்? பார்க்கின்சன் வந்து ஏழு வருஷம். கை காலோட மூஞ்சியும் இறுகிப் போச்சு. சிரிச்சாலும் தெரியாது, அழுதாலும் தெரியாது. ‘காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கல, யாராவது வந்து பேசுங்க’ன்னு உங்க ஆபீசுக்கு எழுதினேன். ஒரு பொண்ணு வீடியோவுல ரெண்டு நிமிஷம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, ‘அமைதியாகக் காணப்படுகிறார், அவசரமில்லை’ன்னு எழுதிட்டா. பதினாலு மாசம் காத்திருக்கணுமாம்.”

“அது வேற பிரிவு. நாற்காலியை இன்னிக்கே எடுத்துட்டுப் போகணும், விதி அப்படி.”

“எடுத்துட்டுப் போ. நாளைலேருந்து என்னைக் கக்கூசுக்கு விதி தூக்கிட்டுப் போகுமா?”

ஹென்னி அம்மாள் விருட்டென்று எழுந்தார். இரண்டு அடி. வாசற்படியருகே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போயிற்று, கால் கூட வரவில்லை. லாம்பெர்ட் பாய்ந்து பிடித்தான்.

“நடிப்புன்னு எழுதிக்கோ. எழுதிட்டு என்னை சைக்கிள்ல ஏத்தி விடு!”

அவரைத் தாங்கித் தெருவுக்குக் கூட்டி வந்து அவன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறினார். ஒரு மிதி, இரண்டு மிதி. அப்புறம் தெருக்கோடி வரை நூல் பிடித்தாற்போல் போய்த் திரும்பினார். இறக்கி விட்டதும் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது.

“நடக்கிறதுக்கு மூளையில ஒரு வழி, மிதிக்கிறதுக்கு வேற வழியாம். ஒண்ணு அடைச்சுக்கிச்சு. டாக்டர் எழுதிக் குடுத்தது உங்க ஃபைல்லயே இருக்கு, யாராச்சும் படிச்சாத்தானே? செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரருக்கு லீவு. அவர்தான் ஏத்தி இறக்கி விடுவார். வாரத்துல அந்த அரை மணி நேரம்தான் நான் மனுஷியா இருக்கேன். அதைத்தான் நீ மரத்துக்குப் பின்னாலேருந்து படம் புடிச்சிருக்கே!”

லாம்பெர்ட் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். உள்ளே வந்து, படிவத்தில் ‘புகார் ஆதாரமற்றது’ என்று எழுதினான். அதிகாரியின் கோபம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். பையிலிருந்த மொட்டைக் கடிதத்தை எடுத்து மேசையில் அடித்தான்.

“எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன்! எழுத்தைப் பாருங்க. முதல் வரி கொட்டை கொட்டையா இருக்கு. போகப் போக எறும்பாச் சுருங்கிடுது. கடைசி வரிக்கு பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிச்சேன். இவனைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்!”

“கண்டுபிடிச்சு?”

“வீட்டுக்கே போய், எதிர்ல உட்கார்ந்து, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பேன்!”

“அவ்வளவு நேரம் உட்காருவியா?”

“முதல்ல நீங்க இந்தப் படிவத்தை முடிச்சுக் குடுங்க மேடம். முழுப் பேர், விலாசம், தேதி.”

ஹென்னி அம்மாள் பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினார். பெயர் கொட்டையாக ஆரம்பித்தது. விலாசத்தில் இளைத்தது. தேதி எறும்பாகிப் போயிற்று.

லாம்பெர்ட் படிவத்தைப் பார்த்தான். கடிதத்தைப் பார்த்தான். மறுபடி படிவத்தைப் பார்த்தான்.

“மனசு சரியில்லன்னு எழுதினா பதினாலு மாசம், ஏமாத்துறேன்னு எழுதினா அஞ்சே நாள்,” என்ற ஹென்னி அம்மாள், பிஸ்கட் டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். “இன்னொண்ணு எடுத்துக்கோ தம்பி. எதிர்ல உட்கார்ந்து கேக்கணும்னியே, கேளு.”