பச்சை வார் செருப்பு

செருப்பு வாசலில் இருந்தால் ஆள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

முட்டி வலி வந்த பிறகு முதலாளியம்மாவின் வருகைப் பதிவு இப்படித்தான். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஆள் அனுப்பிச் சுத்தம் செய்யும் சின்னத் தொழில். எல்லாரும் பார்ட் டைம். ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்க்க அவளால் ஆகாது. வேனை நிறுத்துவாள், அண்ணாந்து பார்ப்பாள், செருப்பு தெரிந்தால் நகர்வாள். செருப்பு இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

இன்றும் மாடி ஆபீஸ் வாசலில் பச்சை வார் செருப்பு இருந்தது. அந்த ஆபீஸைத் துடைக்கும் மாடிக்காரி வந்துவிட்டாள்.

வண்டியைக் கிளப்பப் போனபோது போன் அடித்தது. மாடிக்காரியின் மகள். அழுகை. நடுநடுவே கொரகொரவென்று இரைச்சல்.

"ஆன்ட்டி... ஆஸ்பத்திரியில... போன வாரமே... அம்மா... போயிட்டாங்க..."

லைன் அறுந்தது.

முதலாளியம்மா திரும்ப அடித்துப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. போன வாரமேவா? அப்படியானால் இத்தனை நாளாக வந்துகொண்டிருப்பது யார்?

மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அந்தச் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இன்று இரண்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவளைப் பார்த்து.

போன மாதம் பேசியது காதில் ஒலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் மாடிக்காரி.

"அக்கா, ஒரு ஆபரேஷனாம். சம்பளம் பிடிக்காம கொஞ்ச நாள் லீவு தருவீங்களா? வாடகை கொடுக்கலைன்னா வீட்டுக்காரர் சாமானைத் தெருவுல வெச்சிடுவாரு."

"பார்ட் டைமுக்கு ஏதுடி லீவுச் சம்பளம்?"

"அப்போ செத்தாத்தான் லீவாக்கா?"

"செத்தாலும் நேர்ல வந்து சொல்லிட்டுத்தான் போகணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது மிளகாய். கீழே கண்ணாடிக் கடையைத் துடைப்பவள். வாயைத் திறந்தால் காரம், அதனால் அந்தப் பேர். "வயித்து வலியாம்! என்னமா நடிக்கிறா பாருங்க!" என்றாள். அவளுக்கும் மாடிக்காரிக்கும் ஆகவே ஆகாது.

முதலாளியம்மா வேனைவிட்டு இறங்கினாள். கண்ணாடிக் கடை வாசலில் மிளகாயின் செருப்பு இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடி ஏறினாள். படியெல்லாம் ஈரம். பினாயில் வாடை. மேலே சளக், சளக் என்று மாப்பு இழுக்கும் சத்தம். அவள் வாசலை எட்டியதும் சத்தம் நின்றது.

கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை.

மேஜைகளின்மேல் நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. வாளியில் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. குழாயில் துடைக்கும் துணி, கயிறுபோல முறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கியது. மாடிக்காரி மட்டும்தான் அப்படி முடிச்சுப் போடுவாள்.

ஈரத் தரையில் வெறும் கால் தடங்கள். அவை சாமான் அறைவரை போய், மூடிய கதவடியில் முடிந்தன. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

முதலாளியம்மா கும்பிட்டுவிட்டாள்.

"தாயே, விளையாட்டுக்குச் சொன்னேன்டி. உன் சம்பளத்தை ஒரு பைசா குறைக்காம உன் பொண்ணு கையில கொடுத்துடறேன். போயிடும்மா!"

கதவு மெல்லத் திறந்தது.

"எங்கக்கா போறது? இன்னும் பாத்ரூம் பாக்கி கிடக்கு" என்றபடி மாப்போடு வெளியே வந்தாள் மிளகாய்.

முதலாளியம்மா பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

"நீயா? அப்போ அவ... அவ பொண்ணு, அம்மா போயிட்டாங்கன்னு..."

"லைன்ல பாதிதான் கேட்டிருக்கும். பயந்து போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கும். கண்ணு முழிச்சதும் வேலை போச்சேன்னுதான் புலம்புறாளாம். போன வாரம் இந்த வாசல்லயே மயங்கி விழுந்தா. அப்படியே வெறுங்காலோட தூக்கிட்டுப் போனாங்க. செருப்பு இங்கேயே கிடந்துச்சு."

"அதனால?"

"செருப்பைத்தானே நீங்க பார்ப்பீங்க? தினம் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பி வெச்சேன். கீழ் வேலையை முடிச்சிட்டு இதையும் துடைச்சேன். ஆபீஸ்காரங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு துணியைக்கூட அவளை மாதிரியே முடிச்சுப் போட்டேன்."

"நீதானேடி நடிப்புன்னு சொன்னே?"

"இப்பவும் நான் அவகூடப் பேசறதில்ல. என்னைக் கேட்காம என் புது மாப்பை எடுத்தவ! அது வேற, இது வேறக்கா."

முதலாளியம்மா வாசலைப் பார்த்தாள். தேய்ந்துபோன குதிகால், பச்சை வார். தினமும் பார்த்தது இதைத்தான். மாடிக்காரியின் முகத்தை எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"அவ லீவுல இருக்கா. சம்பளத்தோட. நீ இங்க செஞ்ச வேலைக்கு உனக்குத் தனிச் சம்பளம்."

"பார்ட் டைமுக்கு ஏதுக்கா லீவுச் சம்பளம்?"

"செருப்புக்கே சம்பளம் போட இருந்தவ, ஆளுக்குப் போட மாட்டேனா? இனிமே உங்க எல்லாருக்கும் உண்டு. கையைக் கொடுடி, எழுந்திரிக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போய் நானே சொல்லிட்டு வரேன்."

மிளகாய் அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு அந்தப் பச்சை வார் செருப்பை எடுத்து, ஈரம் போகத் துடைத்து, ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

"இதையும் கொண்டு போயிடுங்கக்கா. ஆனா நான்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்டி?"

"அப்புறம் அவ பேச வந்துடுவா."