படத்தில் இருந்த கை

அந்த வலது கை, பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண்ணின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்குக் கழுத்து ஒரு முழ நீளம். வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்.

கைக்குச் சொந்தக்காரன் படத்தில் இல்லை. முழங்கைக்கு மேல் எல்லாம் கறுப்பு.

கீழே 'அப்பா' என்று எழுதி ஒட்டியிருந்தது.

அண்ணன் வரைந்திருப்பது தன்னைத்தான் என்று கலைமணிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நல்லம்பள்ளிக் கடைத்தெருவில் கூடப் படித்த பையனோடு நின்று பேசியதற்காக, வீடு வரைக்கும் அப்படித்தான் இழுபட்டுப் போனாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது.

தருமபுரியில் அந்த மண்டபம் முழுக்க அண்ணனின் ஓவியங்கள். கண் இல்லாத பெண்கள், ஆட்டுக்கால் முளைத்த பெண்கள். ஆனாலும் கூட்டம் இதன் முன்னால்தான் நின்றது.

"அந்த அப்பா இந்தாளுதானாம்டி. பூனையாட்டம் நிக்கறாரு பாரு." கூட்டத்தில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

அப்பா முனியப்பனின் காதில் அது விழுந்துவிட்டது. மகன் கூப்பிட்டானே என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தவர், வலது கையை மெல்லத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

கலைமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் இழுபட்ட அன்றைக்கு அவர் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, மகளின் கன்றிப்போன தலையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அது வேறு கோபம்.

பெரிய மனிதர்கள் புடைசூழ அண்ணன் மாதவராஜ் வந்தான். அவள் தோளைத் தொட்டுக் காட்டினான்.

"எந் தங்கச்சிங்க. இவ பட்ட வலியத்தான் வரஞ்சிருக்கறன்."

எல்லோரும் அவளை 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். பிறகு துண்டுக்குள் கை வைத்திருந்த கிழவரைப் பார்த்தார்கள்.

கலைமணி தோளை உதறினாள். வீட்டிலேகூட உரக்கப் பேசாதவளின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"வலியெல்லாம் சரியாத்தான் வரஞ்சிருக்கறண்ணா. கையத்தான் மாத்திட்ட. இது சோத்தாங்கை."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி அவனிடம் கையெழுத்துக்காக நோட்டை நீட்டியிருந்தாள். பாதிப் பெயர் எழுதியிருந்தான்.

பேனாவோடு அவனுடைய இடது கை அப்படியே நின்றது.