காலில் கட்டிய சிவப்பு

இரண்டாவது மாட்டின் காலிலும் சிவப்புத் துணி.

வேலிப் படலைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

கறவை முடிந்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேய்ச்சல் காட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

மூன்றாவது. அதன் பின்னங்காலிலும் சிவப்பு.

நான்காவது.

ஐந்தாவது மாடு படலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தாள்.

சிவப்பு.

நேற்று மாலை அவள் கட்டியது ஒன்றே ஒன்று.

பின்மடியில் ஒரு காம்பு கல்லாக இறுகிப்போன மாட்டுக்கு. கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தபோது பால் திரிதிரியாக விழுந்தது. மடிநோய். டாக்டர் காம்புக்குள் மருந்தை ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். தான் சரி என்று சொல்லும்வரை இந்த மாட்டுப் பால் ஒரு சொட்டுகூட சொசைட்டிக்குப் போகக் கூடாது. நல்லாயிருக்கும் காம்புகளின் பாலும்தான்.

ஐந்தும் ஜெர்சிக் கலப்பு. ஒரே அச்சு. கறக்க வரும் செங்கோடனோ புது ஆள். எது எந்த மாடு என்று இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் துணி. சிவப்பு கட்டினதைக் கடைசியாகக் கற, தனி வாளியில் கற, குழியில் கொட்டு. படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கூடவே நின்றிருக்க வேண்டும். நாய் பிரித்துப்போட்ட வேலியை அடைக்க, இன்றைக்கென்று பார்த்து, விடியும்போதே காட்டுக்கு வந்துவிட்டாள்.

படலைக்கூடச் சாத்தாமல் கட்டுத்தறிக்கு ஓடினாள்.

மாமியார் சாணி வழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிறைவு. ஒரு மாட்டுக்கு மட்டும் திருஷ்டிக்குக் கட்டினால் மற்றதெல்லாம் என்ன பாவம் பண்ணியது என்று அவளையே கேட்டார். அந்தக் குறையைத் தீர்க்கப் பழைய சேலையைக் கிழித்து எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டாராம்.

செங்கோடன் ஒன்றும் கேட்கவில்லையா?

கேட்டானாம். எதைக் குழியில் கொட்டுவது என்று.

"கண்ணு படாம கட்டுனதுக்கு யாராச்சும் பாலைக் கொட்டுவாங்களா சாமின்னு சொல்லிப்போட்டேன்."

எல்லாம் ஒரே கேனில்.

கேன் அவள் கணவனின் வண்டியில்.

வண்டி கிளம்பிப் போய்விட்டது.

போனில் அவனைக் கூப்பிட்டாள். தவிட்டு மூட்டையின் மேல் அவன் போன் அடித்தது.

குறுக்கு வழியில் ஓடினாள். சோளத் தட்டை காலைக் கிழித்தது. அந்த மாட்டைச் செங்கோடன் எத்தனையாவதாகக் கறந்தான்? கறந்த கையோடு மற்ற மடிகளையும் தொட்டிருப்பானே? அதை நினைக்க இப்போது நேரமில்லை. சொசைட்டியில் ஊர்ப் பால் முழுவதும் ஒரே தொட்டிக்குத்தான் போகும். பக்கத்து ஊர்த் தொட்டியில் போன மாதம் சோதனையில் மருந்து தெரிந்தது. மொத்தப் பாலும் சாக்கடைக்குப் போனது. அந்த ஊருக்கு டேங்கர் இன்னும் வரவில்லை.

தெரியாமலே போனால்?

யார் வீட்டுப் பிள்ளையின் டம்ளரிலோ.

சொசைட்டி வாசலில் வரிசை. கணவனின் கேன்தான் முதலில் நின்றது. மூடி திறந்திருந்தது. பால் அளக்கும் சாந்தாமணி சாம்பிள் எடுத்து முடித்துவிட்டு, கேனின் காதைப் பிடித்துச் சாய்க்கப் போனாள்.

ஓடி வந்தவள் பாய்ந்து கேனின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள்.

அடுத்து நின்ற நாச்சிமுத்து சிரித்தார். "உங்கூட்டுக்காரம்மாளுக்குக் காலங்காத்தால சாமி வந்திருச்சாட்ட இருக்குது, மாப்ள."

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மூச்சு வாங்க, கணவனின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவன் கேனைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். இத்தனை பாலில் ஒரு மாட்டுப் பால் கலந்தால் என்ன தெரியப்போகிறது என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான். இப்போது வாயைத் திறந்தால், இனி நம் வீட்டுப் பாலைப் பார்க்கும்போதெல்லாம் மோந்து மோந்து பார்ப்பார்கள் என்றான்.

அதுவும் உண்மைதான்.

சாந்தாமணியின் கை இன்னும் கேனின் காதில் இருந்தது. என்ன, ஊற்றவா வேண்டாமா என்பதுபோல் பார்த்தாள்.

ஒரு நொடி. கேனைப் பொத்தியிருந்த கை தளர்ந்தது.

மறுபடி இறுகியது.

"ஊத்தாதீங்க. எங்க மாட்டுக்கு மடிநோய். மருந்துப் பாலு இதுல கலந்துபோச்சுங்க."

வரிசையின் கடைசிவரை கேட்டிருக்கும்.

சிரிப்பு நின்றது. கணவன் தரையைப் பார்த்து நின்றான்.

ஏச்சு வரும் என்று தோளைக் குறுக்கிக் காத்திருந்தாள்.

வரவில்லை.

சாந்தாமணி கேனை ஓரமாக நகர்த்தினாள். எடுத்த சாம்பிளை வாசலில் விசிறினாள். அடுத்த ஆளை வரச் சொன்னாள்.

நாச்சிமுத்துவின் முறை.

அவர் அசையவில்லை. போன வாரம் டாக்டரின் வண்டி அவர் கட்டுத்தறி முன்னாலும் நின்றிருந்தது. தன் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கக்கத்தில் இடுக்கியிருந்த மூடியை எடுத்துக் கேனின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒரு தட்டு தட்டினார்.

பின்னால் எங்கோ இன்னொரு மூடியின் சத்தம்.

"அடுத்தது யாருங்க?"

வரிசை ஓர் அடி பின்னால் நகர்ந்தது.