கதவில் தொங்கும் பலகை

கெர்லிண்டே இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலர்வரை நனைத்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு.

"திறங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அஞ்சு நிமிஷம் உள்ளே விடுங்க. அவரு குளிக்கப் போயிருக்காரு!"

சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது. நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டது.

"கட்!" என்று கத்தினான் டைரக்டர் வெண்டலின். "பிரமாதம், ஹேபர்லேம்மா! வருஷக்கணக்கா நடிக்கிறவங்களுக்கே இது ஒரே டேக்குல வராது."

மொத்த யூனிட்டும் கைதட்டியது. ஹேபர்லே அம்மாள் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது கழுத்துவரை சிவந்திருந்தாள்.

கொலை நடந்த அதே ஸ்டட்கார்ட் வீடு, அதே இரண்டாம் மாடி. முப்பத்தாறு வருடங்களுக்கு முன் எதிர்க் கதவுக்குப் பின்னால் ஓட்மார் என்பவன் தன் மனைவி கெர்லிண்டேயை வாரம் தவறாமல் அடித்து, ஒரு வெள்ளிக்கிழமை கொன்றே போட்டான். வேறொருவனோடு ஓடிவிட்டாள் என்று கூசாமல் சொன்னான். போலீஸ் வந்து பார்த்தது. இரண்டாம் மாடியிலிருந்து வாசல்வரை படிகளில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. சரிதான் என்று போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு பெண்கள் அவனை நம்பி வந்து செத்தார்கள். கடைசியாகச் செத்தவள் வெண்டலினின் அக்கா. முதல் தடவையே ஓட்மார் மாட்டியிருந்தால் அக்கா இன்று இருந்திருப்பாளே என்ற எண்ணம் பத்து வயதிலிருந்து அவனை விடவில்லை. இந்தத் தொடர் கொலைப் படத்தை அவன் எடுப்பதே அதற்காகத்தான்.

அந்தக் காலத்து ஆட்களில் அந்த வீட்டில் மிச்சமிருப்பது ஹேபர்லே அம்மாள் மட்டும். அன்று முப்பத்துநாலு, இன்று எழுபது. ஒரே ஒரு காட்சிதானே, வயதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவளையே கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டான்.

"நடிப்பு இல்லீங்க," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "அன்னைக்கும் இப்படித்தான் சாத்தினேன். மூக்கு உடையறது அவளுக்கு வாராவாரம் நடக்கிறதுதானேன்னு இருந்துட்டேன்."

கைதட்டியவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். கிழவியை அழவிட்டால் மதியம்வரை வேலை நடக்காது என்று வெண்டலின் முந்திக்கொண்டான்.

"விடுங்கம்மா. புருஷன் பொண்டாட்டி சண்டையில அப்போ யாரு தலையிட்டாங்க? நீங்க மட்டுமா சாத்தினீங்க? இந்தத் தெருவே சாத்துச்சு."

அவள் ஏப்ரன் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள். போகவும் இல்லை.

அடுத்தது படிக்கட்டுக் காட்சி. ஆர்ட் டைரக்டர் ஒன்றையும் விடவில்லை; ஓட்மாரின் கதவுப் பிடியில் சின்ன மரப்பலகைகூடத் தொங்கியது. படிக்கட்டு துடைப்பது அங்கே முறை வைத்துத்தான். ஒரு வாரம் இந்த வீடு, மறுவாரம் எதிர்வீடு. யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். பலகை தொங்கும்போது சனிக்கிழமை காலையில் துடைக்காமல் விட்டவளைப் பற்றித் தெருவே ஒரு மாதம் பேசும்.

ஹேபர்லே அம்மாள் அந்தப் பலகையைக் கழற்றினாள். கொண்டுபோய்த் தன் கதவில் மாட்டினாள்.

"அம்மா, தாயே, எங்க பிழைப்பைக் கெடுக்காதீங்க!" என்று தலையில் கைவைத்தார் ஆர்ட் டைரக்டர்.

"விடுய்யா, அவங்க வீடு, அவங்க பலகை. ஃப்ரேம்ல எப்படியும் தெரியாது," என்று வெண்டலின் சிரித்தான். "ரெடி, ஆக்‌ஷன்!"

ஓட்மாராக நடித்தவன் வாளியும் துணியுமாக மண்டியிட்டான். மேல்படியிலிருந்து ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"இந்த இடத்துலதான் படமே இருக்கு," என்று வெண்டலின் அவள் காதோரம் சொன்னான். "எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க. பொணத்தைக் கீழே இறக்கி கார்ல போட்டுட்டு, திரும்பி வந்து ஒரு படி விடாம துடைச்சிருக்கான். அந்த மூளைகிட்டதான் எங்கக்கா தோத்துப்போனா."

"அவன் துடைக்கலைங்க."

"என்னம்மா சொல்றீங்க? கோர்ட்ல இதைக் கேட்டப்போ அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

"ஏழு வருஷம் எதிர்வீட்ல பார்த்திருக்கேன். ஒருநாள் வாளியைத் தொட்டதில்லை. அவங்க முறை வந்தா அவதான் துடைப்பா. கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தப்பகூட அவதான் குனிஞ்சு துடைச்சா."

வெண்டலின் கேமராவை மறந்து அவள் பக்கம் திரும்பினான். இத்தனை வருடமாக அவன் மண்டையைக் குடைந்த கேள்வி அது.

"அவதான் செத்துட்டாளே. அப்போ சனிக்கிழமை யாரும்மா துடைச்சது?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கதவில் மாட்டிய பலகையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வாரம் என் முறைங்க."